சட்லர் மேத்யூவின் கொள்ளுப்பேத்தி

அடுத்தவளுடைய சேலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு, சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. நான் அடுத்தவளுடைய கொள்ளுத்தாத்தாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள்.

அந்த அடுத்தவள் பெயர் அஞ்சு. மலையாள ஊரான கழக்கூட்டத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து நாற்காலி. ஒரு திங்கட்கிழமை காலை, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். கெட்டி அட்டை, தங்க எழுத்து. அவர்களுடைய குடும்ப சரித்திரமாம். அவளைப் போன்ற கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பயோகம் என்று எல்லாரும் கூடுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், யாருக்கு யார் என்ன உறவு என்று அச்சடித்துக்கொள்வார்கள்.

"பதினாலு தலைமுறை உண்டு, கேட்டியா," என்றாள் அஞ்சு. (சினிமா பார்த்துத் தமிழ் கற்றவள். நடுநடுவே மலையாளம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.) "எங்க கொள்ளுத்தாத்தா, வல்யப்பச்சன், சாலை பஜார்ல கட வெச்ச கதையெல்லாம் இருக்கு. வாயிச்சு நோக்கு. ஆமா, உங்க குடும்பத்துல எத்தனை தலைமுறை தெரியும்?"

"நெறைய," என்றேன்.

(மூன்று. அதிலும் மூன்றாவதற்குப் பெயர் மட்டும்தான்.)

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், நடுவில் மடித்து வைத்திருந்த வம்ச மரத்தை விரித்தேன். கட்டில் போதவில்லை. வயிறு எரிந்தது. மடித்து அலமாரியில் வைத்தவள்தான், அப்புறம் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அதே சாலை என்ற பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அப்பா ராத்திரி சாப்பாட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, நம்ம எங்கேருந்து வந்தோம்?"

"கடையிலேருந்துதான். ஏன், லேட்டாயிட்டா?"

"அதில்லப்பா, நம்ம குடும்பம்!"

"வள்ளியூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க. எங்க தாத்தா சுடலைமுத்து வந்தாரு, இருந்தாரு, போய்ச் சேந்தாரு. அதுக்கு மேல ஒனக்கு என்னளா வேணும்?"

எனக்குப் பதினைந்து தலைமுறை வேண்டும். அஞ்சுவைவிட ஒன்று கூடுதலாக.

ஒரு மாதம் வீட்டைத் தலைகீழாக்கியதில், எங்கள் வீட்டின் பழைய ஆதாரம் அகப்பட்டது. பத்திரத்துக்கு இங்கே ஆதாரம் என்றுதான் பெயர். மலையாளத்தில், கோழி கிளறியது போன்ற கையெழுத்து. அதில் ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 'வெள்ளக்காரன் என்னு விளிக்குன்ன சுடலமுத்து.' வெள்ளைக்காரன் என்று அழைக்கப்படும் சுடலைமுத்து!

தலைமுறை எண்ணிக்கையை அந்த நிமிடமே கைவிட்டேன். பதினாலு பேர் எதற்கு? எனக்கு ஒரு துரை போதும்.

அதற்குப் பிறகு ஆதாரங்கள் கொட்டின. தம்பிக்குப் பூனைக்கண். அப்பாவுக்கு வெயில் ஆகாது. பெரியப்பாவுக்குக் காலையில் ரொட்டி இல்லாமல் முடியாது. பெயர்தான் கொஞ்சம் இடித்தது. அதற்கும் இரண்டே நாளில் வழி கண்டுபிடித்தேன். கொள்ளுத்தாத்தாவின் அசல் பெயர் சட்லர் மேத்யூ. சாலைக்காரர்கள் அதை வாயில் போட்டு மென்று சுடலைமுத்து ஆக்கிவிட்டார்கள். (எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று. மன்னிக்கக்கூடிய வயது இல்லைதான்.)

அடுத்த வேலை, எங்களுக்கும் ஒரு குடும்பயோகம். கரமனையில் சின்ன ஹால். வள்ளியூரிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் நாற்பது பேர் வந்தார்கள். மேடையில் ஃப்ளெக்ஸ். அதில் வம்ச மரம். மரத்தின் அடியில் தொப்பி வைத்த ஒரு கறுப்பு நிழல். முன்வரிசையில், நானே போய்க் கூப்பிட்டு உட்கார வைத்த அஞ்சு.

மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசினேன். கப்பல் எல்லாம் வந்தது. சட்லர் மேத்யூ விழிஞ்ஞத்தில் இறங்கி, சாலைக்கு வந்து, ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டு மயங்கினார் என்ற இடத்தில் என் குரலே தழுதழுத்தது. நாகர்கோவில் சித்தி பக்கத்திலிருந்தவளிடம், "நான் அப்பவே சொன்னேம்லா, என் கலர் சும்மா வரலைன்னு," என்றாள். பெரியப்பா எழுந்தே விட்டார்.

"மக்ளே, அப்ப லண்டன்ல நமக்குப் பங்கு ஏதாச்சும் வருமா?"

"விசாரிக்கணும் பெரியப்பா," என்றேன், அஞ்சுவை ஓரக்கண்ணால் பார்த்தபடி. அவள் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவளோ கையைத் தூக்கினாள்.

"வள்ளீ, இந்த சுடலமுத்து எங்க புக்கிலயும் உண்டல்லோ?"

அவள் மடியில் அதே தலையணை. எங்கள் யோகத்துக்குப் பரிசாக இன்னொரு பிரதி கொண்டுவந்திருந்தாள். அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து வாசித்தாள். மலையாளம்தான், ஆனால் ஹாலில் புரியாதவர் யாரும் இல்லை.

சாலையில் அன்று குழாய் கிடையாது. அவளுடைய வல்யப்பச்சன் கடைக்குக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தவர் சுடலைமுத்து என்ற திருநெல்வேலிக்காரர். ஊரில் மழை பொய்த்து, ஆரல்வாய்மொழி வழியாக நடந்தே வந்தவர். தோளில் காவடி, இரண்டு பக்கமும் செப்புக்குடம். பாடிக்கொண்டேதான் வருவார். பஜார் முழுக்க அவருக்குப் பெயர் வெள்ளக்காரன். குழாய் வந்ததும் குடங்களைப் புளி போட்டுத் துலக்கி விற்றார். இன்னும் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு வேறு குடங்கள் வாங்கி விற்றார். அப்படியே ஒரு கடை ஆயிற்று.

மலையாளத்தில் வெள்ளை 'வெள்ள'. தண்ணீர் 'வெள்ளம்'. எதோடு 'காரன்' சேர்த்தாலும் எழுத்து ஒன்றுதான், வெள்ளக்காரன். பன்னிரண்டு வருஷம் பள்ளியில் மலையாளம் படித்தவள் நான், பிறந்ததிலிருந்து தினமும் வெள்ளம் குடிக்கிறவள். எனக்கு உறைக்கவில்லை.

முதலில் வாய் திறந்தது அப்பா.

"அட, அதுக்குத்தான் நம்ம கடையைப் பழைய ஆளுக குடக்கடைன்னு சொல்லுகாங்களா!"

"அப்ப லண்டன்?" என்றார் பெரியப்பா.

"அண்ணாச்சி, ஒங்க லண்டன் சாலைக் கெணத்துக்குள்ள கெடக்கு," என்றார் அப்பா.

அதன்பிறகு அங்கே எழுந்த சிரிப்பில் ஃப்ளெக்ஸே ஆடியது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கலருக்கு மறுபடியும் காரணம் இல்லாமல் போயிற்று.

மேடையிலிருந்து இறங்கி ஒளிய இடம் தேடிய என்னிடம் அஞ்சு வந்தாள். "எடீ, நீ புக் வாயிச்சில்லே?"

"வாயிச்சேன்."

"எவ்வளவு?"

"மரம் மட்டும்."

அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பிரியாணிக்குப் போனாள். அதுதான் அதிகம் வலித்தது. அன்று ராத்திரி அறுபத்திரண்டாம் பக்கத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. தண்ணீர் இல்லாமல் ஊரைவிட்டு வந்த மனிதர், தண்ணீர் சுமந்தே பிழைத்திருக்கிறார். அதைவிட, பாடிக்கொண்டே வருவார் என்ற வரி. என் கொள்ளுத்தாத்தா பாடுவார் என்பது அஞ்சு வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய பொறாமை தீர்வதற்குள் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. என்ன பாட்டு என்று அவர்கள் எழுதி வைக்கவில்லையே என்று கோபம் வேறு.

இப்போதெல்லாம் யாராவது கேட்டால், எங்களைப் பற்றியும் ஒரு குடும்ப சரித்திரத்தில் அச்சாகியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்வேன். குடும்பம்தான் வேறு.

எங்கள் யோகம் நிற்கவில்லை. வருஷா வருஷம் நடக்கிறது, அஞ்சுவும் தவறாமல் வருகிறாள். இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்ததும், பெரியப்பா பந்தியின் அந்தக் கோடியிலிருந்து ஹால் முழுக்கக் கேட்க, வெள்ளைக்காரத் துரைசானியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவார்: "ஏ மதாம்மா! இங்க கொஞ்சம் வெள்ளம்!"

நான் ஜக்கை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். பரம்பரைத் தொழில் ஆயிற்றே.