அத்தை பாட்டின் நடுவே என் குரல்

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊரே நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்ததும், பேசக்கூடாத நேரத்தில் பேசியதும்தான் என் வாழ்க்கை வரலாறு. இது இரண்டாவது வகை.

எங்கள் தெருவில் சி.டி. எழுதும் டிரைவோடு முதலில் வந்த கம்ப்யூட்டர் எங்களுடையது. தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காது என்று, அம்மா அதற்குப் பழைய பட்டுச்சேலையில் உறை தைத்துப் போட்டிருந்தாள். (பார்க்க அம்மன் மாதிரி இருக்கும். பூசாரி நான்.)

கோமதி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் குடும்பத்தில் பெண்ணை மணையில் உட்காரவைத்து நலங்கு வைக்கும்போது அத்தைதான், அதாவது அப்பாவின் அக்காதான், பாட வேண்டும். பாட்டின் நடுவில் ஓரிடத்தில் பெண்ணின் பெயரைச் சேர்த்து வாழ்த்துவாள். சின்ன வயதிலிருந்து மற்றப் பெண்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டு, தன் பெயர் எப்போது வரும் என்று அக்கா காத்திருந்தாள்.

ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் அத்தைக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்கப்புறம் பாட முடியாது, பேச்சே காற்றாகத்தான் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே அக்கா பெயரைச் சேர்த்து ஒரு கேசட்டில் பாடிக் கொடுத்துவிட்டாள்.

“இத அப்படியே மைக்செட்டுல போட்டுரலாம்லா” என்றாள் அம்மா.

“கேசட்டு இரையும்மா. நான் சி.டி.ல ஏத்தித் தாரேன். கண்ணாடி மாதிரி கேக்கும்” என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

டேப் ரிக்கார்டரிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகிப் பாட்டை ஏற்றினேன். அதுவரை எல்லாம் சுகம். சி.டி.யில் எழுதத் தொடங்கியதும் சனி பிடித்தது. முக்கால்வாசி ஓடி, ‘பிழை’ என்று சொல்லிவிட்டு, டிரைவ் நாக்கை வெளியே நீட்டியது. இன்னொரு சி.டி. போட்டேன். முழுதாக எழுதியது, ஆனால் பாடவில்லை. அடுத்தது பாடியது, இரண்டாம் வரியிலேயே விக்கி நின்றது.

சூட்டினால் இருக்கும் என்று கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். சி.டி.யைப் பனியனில் துடைத்தேன். அம்மா தன் பங்குக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள். கெட்டுப்போன சி.டி.களை நூலில் கோத்து, மொட்டைமாடியில் காயும் வற்றலுக்குக் காக்கா விரட்டத் தொங்கவிட்டாள். நாளுக்கு நாள் மாடி பளபளத்தது.

கடைசியில் என் அறிவு ஒரு முடிவுக்கு வந்தது: கோளாறு சி.டி.யில் இல்லை, ஏற்றி வைத்த பாட்டில்தான். ஆகவே ஒவ்வொரு தோல்விக்கும் அதை அழித்துவிட்டு, கேசட்டிலிருந்து மறுபடி ஏற்றினேன். இழுத்து இழுத்து வயரின் முனை ஒடிந்தது. பரவாயில்லை என்று கம்ப்யூட்டர் மைக்கை டேப் ரிக்கார்டருக்கு முன்னால் நிறுத்தி வைத்தேன். வயர் இருந்தவரை பக்கத்தில் வெடி வெடித்தாலும் கம்ப்யூட்டருக்குக் கேட்காது. மைக்குக்குக் காது உண்டு என்பது எனக்கு உறைக்கவில்லை. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்கும் என் கூட்டாளி சுடலை பக்கத்தில் இருந்தான். வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தோம்.

பாட்டு ஏறி முடிந்து கேசட்டைச் சுற்றும்போது, டேப் ரிக்கார்டர் நாடாவை மென்று விழுங்கியது. இழுத்தேன். அறுந்து கையோடு வந்தது.

இனி இருப்பது கம்ப்யூட்டரில் உள்ள ஒன்றுதான். அதை எழுதக் கொடுத்தேன். அவசரத்தில் எங்கேயோ தட்டி, எழுதும் வேகம் இருப்பதிலேயே குறைவுக்கு மாறியிருக்கிறது. சி.டி. ஒரு குறையுமில்லாமல் வந்தது. இத்தனை நாளும் கோளாறு அந்த வேகத்தில்தான் இருந்திருக்கிறது. முதல் நாலு வரியைப் போட்டுக் கேட்டேன். கண்ணாடிதான். “ஒரு சின்ன செட்டிங், மாத்திட்டேன்” என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

கல்யாண மண்டபம். அக்கா மணையில் இருந்தாள். எதிரே நாற்காலியில், கழுத்தில் துண்டு சுற்றி அத்தை. மைக்செட் அண்ணாச்சி சி.டி.யைப் போட்டார். அத்தை குரல் எழுந்ததும் மண்டபம் அடங்கியது. அத்தை சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே பாடினாள். பெயர் வரும் இடம் நெருங்கியது. அக்கா நிமிர்ந்தாள். அண்ணாச்சி நல்லெண்ணத்தோடு சத்தத்தைக் கூட்டினார்.

“ஏலே சுடல, இந்தப் பாட்டு முடியதுக்குள்ள மாப்பிளைக்கு அறுபதாம் கல்யாணமே வந்துரும் போலுக்கே.”

என் குரல். தொடர்ந்து சுடலையின் சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிக் குதித்து ஓடிப்போய் நிறுத்தினேன். (அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் என்று நினைத்தேன். அதுவும் இல்லை.)

அத்தை கையைக் காட்டினாள். போடு.

சி.டி.யில் இருந்தது ஒரே பாட்டு. போட்டால் முதலிலிருந்துதான் ஓடும். இந்த முறை மண்டபமே என் வசனத்துக்காகக் காத்திருந்தது. வந்தது. மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார்.

மூலையில் ஒண்டியிருந்த என்னை அத்தை கூப்பிட்டனுப்பினாள். காதைக் கொண்டுபோய் வாயருகில் வைத்தேன். “எனக்குப் போனா என்ன, ஒந் தொண்ட நல்லா எடுப்பாத்தான் இருக்குல” என்றாள் காற்றாக. திட்டியிருந்தால் அன்றிரவே மறந்திருப்பேன்.

அத்தை இப்போது இல்லை. அந்தப் பாட்டு எல்லோர் போனிலும் இருக்கிறது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் போடுவார்கள். என் வசனம் வந்ததும் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து சொல்லும். “அறுவதுக்கு இன்னும் வருசம் கெடக்கு மாப்ள, பாட்டு ஓடட்டும்” என்பார் அத்தான்.

போன வருடம் அக்கா மகள் ஏதோ ஆப் வைத்து என் குரலை நீக்கிப் பார்த்தாள். என் குரலோடு அக்கா பெயரும் போய்விட்டது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கிறது.

எல்லோரும் சிரிக்கும்போது அக்கா மட்டும் போனைக் காதோரம் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். பிறகு என்னைப் பார்த்துச் சொல்வாள்:

“‘கோ’ வரைக்கும் நல்லாக் கேக்குலே. மிச்சத்தத்தான் நீ முழுங்கிட்ட.”