வித்தியாசம் தெரியாத கேக்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டும் பாராட்டத்தக்கவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டுமே குழு அமைக்காமல், தீர்மானம் போடாமல், யாரோ பொறுப்பற்றவர்கள் அவசரப்பட்டுச் செய்துவிட்ட காரியங்கள். முறைப்படி குழு அமைத்து, பல முறை கூடி, காபி குடித்து, கை தூக்கிக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் என்று வரலாறு ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டுமானால், அது ஒரு மழலையர் காப்பகத்தின் கேக்காகத்தான் இருக்கும். அதில் முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை. இல்லாதவற்றை மட்டுமே பட்டியல் போட்டு ஒரு பண்டத்தைச் செய்து முடிப்பது லேசுப்பட்ட காரியமா?

இந்தச் சாதனையைக் கிட்டத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக் கிடைத்தது. அவருடைய மகள் அந்தக் காப்பகத்தில்தான் இருந்தாள். ஐந்து வயது ஆகப்போகிறது. வீட்டிலும் வெளியிலும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். முட்டையோ பாலோ கொஞ்சம் உள்ளே போனாலும் சிட்டுவுக்கு முகம் வீங்கும், மூச்சு திணறும். அதனால் அவளுக்கு வீட்டிலிருந்து தனி டப்பா. காப்பகத்தில் செருப்பு அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மேசை. அதற்கு 'தனிக் கவனிப்பு மேசை' என்று பெயர். பெயருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மற்ற பிள்ளைகளின் பிறந்தநாள் வரும்போதெல்லாம் பெரிய மேசையில் கேக் வெட்டுவார்கள். சிட்டு குட்டி மேசையில் இருந்தபடி கை தட்டுவாள். ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

"அப்பா, கேக் எப்படி இருக்கும்?"

"இனிப்பா இருக்கும்."

"என் டப்பால வர்ற இனிப்பு மாதிரியா?"

"அதைவிடக் கொஞ்சம் மெத்துனு இருக்கும்."

"என் பிறந்தநாளுக்கு நான் பெரிய மேசைல உக்காரலாமா?"

எத்தனையோ மாடிக் கட்டடங்களில் அந்தரத்தில் தொங்கி வேலை செய்கிற ஆள்; இந்தக் கேள்விக்குத் தலை சுற்றியது. "பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார்.

காப்பகத்தை நடத்தும் மேடத்திடம் போய்க் கேட்டார். மேடத்தின் மனசு தங்கம். போன வருஷம் அவர்தான் சிட்டுவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். சிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். "வெறும் பிஸ்கட்தான்டா, இதுல ஒண்ணும் கிடையாது" என்று அன்பாகத் தடவிக்கொடுத்து ஊட்டிவிட்டதும் அவரேதான். இதைக் காப்பகத்தில் 'சிறு கவனச் சிதறல்' என்று குறிப்பிடுவார்கள். மருத்துவமனையில் வேறு மாதிரிச் சொன்னார்கள். அவர்களுக்கு எப்போதுமே எல்லாம் பெரிய விஷயம். மூக்கில் குழாயுடன் சிட்டு படுத்திருந்தபோது மேடம் பழக்கூடையோடு நேரில் வந்து பார்த்தார். கூடையின் நடுவில் பால் சாக்லேட் டப்பா ஒன்றும் இருந்தது.

மெக்கானிக் அப்போது வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வேறு காப்பகம் கிடையாது. அவருக்கும் வேலை, மருந்துக்கடையில் இருக்கும் மனைவிக்கும் வேலை. இடத்தை இழந்துவிட்டுப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுவது? மனைவிதான் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள்: "கவரைப் பாக்காம எதையும் வாயில வைக்கக் கூடாது. யார் குடுத்தாலும் சரி." சிட்டுவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கவரை எடுத்துக்கொண்டு அப்பாவிடமோ அம்மாவிடமோ வருவாள். அதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அவர்கள் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். பற்பசைக்கும் இதே சட்டம்தான். படித்து முடிக்கும்வரை பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உருகிப்போனார். "ஒரு கேக்தானே சார், பண்ணிடலாம்" என்று சாதாரண ஆட்கள் சொல்லியிருப்பார்கள். மேடம் குழு அமைத்தார்.

'முட்டை, பால் மாற்று உயர்நிலைக் குழு.' தலைவி மேடம். துணைத்தலைவர், சிட்டுவோடு படிக்கும் ஒரு பையனின் அப்பா. சொந்தமாக விளம்பரக் கம்பெனி வைத்திருக்கிறவர். காப்பகத்தில் சமைக்கும் அக்கா 'செயல்முறை வல்லுநர்' ஆனார், சம்பளம் அதேதான். மெக்கானிக்குக் கிடைத்த பதவி, 'பாதிக்கப்பட்ட தரப்பின் பிரதிநிதி.' தேவைப்படும்போது கை தூக்குவது அவருடைய பொறுப்பு.

முதல் கூட்டத்தில் முட்டை சாண்ட்விச்சும் பால் காபியும் கொடுத்தார்கள். எதை விலக்கப்போகிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி விலக்குவது?

"நம்ம இலக்கு என்ன?" என்று மேடம் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

"சிட்டு கேக் சாப்பிடணும்" என்றார் மெக்கானிக்.

விளம்பரக்காரர் பரிவோடு சிரித்தார். "அது ரொம்பச் சின்ன இலக்கு சார். கொஞ்சம் பெரிசா யோசிங்க. அசல் கேக்குக்கும் நம்ம கேக்குக்கும் வித்தியாசமே தெரியக் கூடாது. பாத்தாலும் தெரியக் கூடாது, தின்னாலும் தெரியக் கூடாது. அதுதான் இலக்கு."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மெக்கானிக்கும் கை தூக்கினார். இலக்கு பெரிதானால் என்ன, அதில் ஒரு துண்டு மகளுக்கு வராமலா போகும் என்பது அவர் கணக்கு.

பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் முட்டைக்குப் பதிலாக ஆளி விதையைப் பொடித்து ஊறவைத்துப் போட்டார்கள். அந்தக் கேக், அலுவலக அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ரொம்ப நாள் உதவியது. அடுத்து வாழைப்பழத்தை மசித்துப் போட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கேக் வேஷம் போட்ட வாழைப்பழம்" என்று துணைத்தலைவர் தள்ளுபடி செய்தார். பாலுக்குப் பதிலாக ஓட்ஸ் பால், சோயா பால், தேங்காய்ப் பால் என்று வரிசையாக வந்துபோயின. கடைசியில் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்துப் பார்த்தார்கள். அது வெள்ளை வெளேரென்று நுரைத்து எழுந்து, முட்டையின் வெள்ளைக்கரு போலவே கிண்ணத்தில் நின்றது.

"இதைத்தான் இத்தனை வருஷமா சிங்க்ல கொட்டிட்டு இருந்தேனா?" என்று சமையலக்கா வாயைப் பிளந்தார்.

"அதான் வல்லுநர் குழு வேணும்கிறது" என்றார் மேடம்.

ஒவ்வொரு கேக்கையும் குழு தின்று தீர்ப்பு வழங்கியது. "பிள்ளைங்களுக்கும் ஒரு துண்டு குடுத்துப் பாக்கலாமே?" என்று சமையலக்கா ஒரு தடவை கேட்டார். "அவங்களுக்கு ருசியைப் பத்தி என்னக்கா தெரியும்?" என்று மேடம் கேட்டதும் சமையலக்காவுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் விளம்பரக்காரர் மோந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முட்டை வாசனை வரலையே."

"முட்டையே போடலையே சார்" என்றார் சமையலக்கா.

"அது நமக்குத் தெரியும். கேக்குக்குத் தெரியக் கூடாது."

வேகவைத்த முட்டை போலவே மணக்கும் ஒரு வகைக் கருப்பு உப்பு இருக்கிறதாம். அதைத் தேடிப் பிடித்துச் சிட்டிகை போட்டார்கள். முட்டையை எடுக்க ஒரு கூட்டம் போதுமாக இருந்தது. முட்டை வாசனையைத் திரும்பக் கொண்டுவர மூன்று கூட்டம் பிடித்தது. நிறத்துக்கு மஞ்சள் சாயம், மினுமினுப்புக்கு ஏதோ ஒரு எண்ணெய், மேலே பூச வெண்ணெயைப் போலவே வழுக்கும் ஒரு வெள்ளைக் களிம்பு என்று வேலை மளமளவென்று நடந்தது.

கடைசிக் கூட்டத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதனை செய்தார்கள். அசல் கேக்கில் ஒரு துண்டு, குழுவின் கேக்கில் ஒரு துண்டு. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கட்டை அவிழ்த்த பிறகும் தெரியவில்லை. செய்த சமையலக்காவே இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் சொன்னார். அறை முழுக்கக் கைதட்டல். மெக்கானிக் மட்டும் பாதியில் கைதட்டலை நிறுத்திவிட்டார். பிரேக் பிடிக்கிற லிஃப்ட்டும் பிடிக்காத லிஃப்ட்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தால் அவர் தொழிலில் யாரும் கைதட்டுவதில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கனிவாகத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு மேடம்" என்றார்.

போகும்போது சமையலறையை எட்டிப் பார்த்தார். சாமான்கள் எல்லாம் கண்ணாடி ஜாடிகளில், சிவப்பு ரிப்பன் கட்டி, அழகாக நின்றன. "பாக்கெட்டெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

"குப்பைக்குப் போயாச்சு சார்" என்றார் விளம்பரக்காரர். "நாளைக்கு ஃபோட்டோ எடுக்க வர்றாங்க. பாக்கெட் இருந்தா மளிகைக் கடை மாதிரி இருக்கும்."

பிறந்தநாள் வந்தது. சிட்டு புது கவுன் போட்டுக்கொண்டு, தலையில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகப் பெரிய மேசையில், அதுவும் நடுநாயகமாக உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஒரு தோழி, அந்தப் பக்கம் ஒரு தோழி. கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற மெக்கானிக்கு அந்தக் கால்கள் ஆடுவதைப் பார்த்தே கண் கலங்கியது. மனைவி கடையில் லீவு கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காட்ட வேண்டுமென்று போனைக் கையில் தயாராக வைத்திருந்தார்.

காப்பகத்துக்கு நன்கொடை கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "இன்று முதல் இந்தக் காப்பகத்தில் மேசை ஒன்றே" என்று மேடம் முழங்கினார். கேக் வந்தது. வெட்டினார்கள். முதல் துண்டு சிட்டுவின் தட்டில் விழுந்தது.

சிட்டு குனிந்து பார்த்தாள். மஞ்சளாக, மெத்தென்று, வெள்ளைப் பூச்சோடு இருந்தது. மோந்து பார்த்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் அதே கேக். அவள் தொடவே கூடாத கேக். ஒரு வித்தியாசமும் இல்லை. குழுவின் இலக்கு நூற்றுக்கு நூறு நிறைவேறிவிட்டது.

"எனக்கு வேணாம்" என்றாள்.

"இது உனக்காகவே செஞ்சதுடா தங்கம்" என்றார் மேடம்.

"இது முட்டை கேக்."

"முட்டை மாதிரி. ஆனா முட்டை இல்லை."

"கவர் எங்கே?"

மேடம் விளம்பரக்காரரைப் பார்த்தார். விளம்பரக்காரர் சமையலக்காவைப் பார்த்தார். சமையலக்கா ரிப்பன் கட்டிய ஜாடிகளைப் பார்த்தார். சிட்டு இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீ கவர் பாத்தியா?"

எத்தனை கூட்டம், எத்தனை துண்டு, எத்தனை தடவை கை தூக்கியிருக்கிறார். ஒரு கவரைக்கூட அவர் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. 'பாத்தேன்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் சாப்பிட்டுவிடுவாள், பெரிய மேசையிலேயே இருப்பாள். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லம்மா" என்றார். "அப்பா பாக்கலை."

சிட்டு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேடம் ஒரு வாய் ஊட்டப் பார்த்தார், உதட்டை இறுக்கிக்கொண்டாள். அழவில்லை. நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி, கிரீடத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த குட்டி மேசைக்குப் போய்த் தன் டப்பாவைத் திறந்தாள்.

நன்கொடையாளர்கள் நெளிந்தார்கள். புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். இம்மாதிரி நெருக்கடியில்தான் ஒரு குழுவின் மேன்மை வெளிப்படும். விளம்பரக்காரர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தன் பையனைத் தூக்கிக் காலி நாற்காலியில் உட்காரவைத்து, கிரீடத்தைத் தலையில் கவிழ்த்தார்.

"அவன் காலைலதான் ரெண்டு முட்டை தின்னுட்டு வந்தான்" என்று பையனின் அம்மா முணுமுணுத்தார்.

"ஃபோட்டோல தெரியாது" என்றார் விளம்பரக்காரர்.

பையன் வாய் நிறையக் கேக்கை அடைத்துக்கொண்டு சிரித்தான். பளிச், பளிச். முட்டைக்கு மாற்று கண்டுபிடித்தவர்கள், பாலுக்கு மாற்று கண்டுபிடித்தவர்கள், கடைசியில் குழந்தைக்கும் ஒரு மாற்று கண்டுபிடித்துவிட்டார்கள். இங்கேயும் வித்தியாசமே தெரியவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மெக்கானிக் போய்க் குட்டி மேசையின் குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். சிட்டு தன் இனிப்பில் பாதியைப் பிட்டு அவரிடம் நீட்டினாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது மேடம் வாசல்வரை வந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஆழ்ந்த வருத்தம் மட்டுமே இருந்தது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க சார். எத்தனை பேர் பாடுபட்டோம். பிள்ளை இப்படி ஒத்துழைக்கலைன்னா நாங்க என்ன பண்றது? வீட்டுல கொஞ்சம் சொல்லிக்குடுங்க. பெரியவங்க 'இதுல ஒண்ணும் இல்லை'ன்னு சொன்னா, நம்பிச் சாப்பிடணும்னு."

அத்தனை கூட்டங்களிலும் மேடத்தின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியறியாத மெக்கானிக், மகளின் கையைப் பிடித்தபடி நின்றார்.

"போன வருஷம் நம்பிச் சாப்பிட்டாளே, மேடம்."