கடைசி யாரு?

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, முதுகு வலியெல்லாம் தேவலையா? உட்கார்ந்துகொண்டே படியுங்கள். இது ஒரு வரிசையின் கதை.

எங்கள் மட்ரிட்டில் சோபா தைக்கும் ஃபெர்மின், மகள் கல்யாணத்தன்று காலையில் பெட்டியும் கையுமாகத் தமாசோவின் காப்பிக்கடையில் நின்றுகொண்டிருந்தார். பார்சிலோனாவுக்கு ரயிலில் போவதா, விமானத்தில் போவதா என்று இன்னும் முடிவாகவில்லை. மனைவி ஒப்துலியா முன்கூட்டியே போய்விட்டாள். சாயங்காலம் மகள் மைத்தேயைக் கைபிடித்து தேவாலயத்துக்குள் அழைத்துப்போக அப்பா அங்கே இருந்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வைத்த விருந்தை இதே யோசனையில் கோட்டைவிட்டவர் அவர். மாப்பிள்ளையைத் தவிர அந்த வீட்டில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது.

“விமானம்னா ஏறின உடனே இறங்கிடலாம்யா,” என்றார் தமாசோ.

“ஏறதுக்கு முன்னாடி பெல்ட்டைக் கழட்டு, ஷூவைக் கழட்டும்பான். பாதி நாள் அதுலயே போயிடும்.”

“அப்ப ரயில்ல போ.”

“அது வழியில நின்னுட்டா?”

“அப்ப இங்கயே இரு. உன் பொண்ணை நான் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

ஃபெர்மினுக்கு ரோஷம் வந்து அதோச்சா ரயில் நிலையத்துக்குக் கிளம்பினார்.

எங்கள் ஊரில் வரிசை என்றால் கால்கடுக்க நிற்பதல்ல. உள்ளே நுழைந்ததும் “கடைசி யாரு?” என்று கேட்க வேண்டும். கை தூக்கியவரின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அவர் எழுந்து போனபின் நம் முறை.

ஃபெர்மின் நுழையும்போது போனில் ஒப்துலியா திட்டிக்கொண்டிருந்தாள். “கடைசி யாரு?” என்று பொதுவாகக் கேட்டார். கதவருகே சிவப்புக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள். சரியென்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த அம்மாளும் உட்கார்ந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் எழுந்திருக்கவே இல்லை.

இதற்குள் வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் யாரையும் கேட்காமல் நேராக ஜன்னலுக்குப் போய் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“வரிசைன்னா என்னன்னே தெரியாதவங்க,” என்றார் ஃபெர்மின்.

“வளர்ப்பு அப்படி,” என்றாள் சிவப்புக் கோட்டு.

நேரம் போனது. இதற்கு விமானமே மேல் என்று ஃபெர்மின் பெட்டியைத் தூக்கினார். வாசலுக்கு வந்தால் அவளும் அங்கே நிற்கிறாள். மரியாதைக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவள் முதலில் வெளியேறினாள். ‘அட, இந்தம்மாவுக்கும் அதே புத்திதான் தோணியிருக்கு’ என்று நினைத்துக்கொண்டார்.

விமான நிலையத்து டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே அவர் “கடைசி யாரு?” என்று கேட்டபோது, மறுபடி அவள்தான் கையைத் தூக்கினாள். மறுபடி தலையாட்டல், மறுபடி சிரிப்பு, மறுபடி காத்திருப்பு. தெரிந்த முகமாகிவிட்டதால் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து அவருக்குப் பாதி கொடுத்தாள்.

“ரயிலா, விமானமா, நீங்க எதைச் சொல்வீங்க?” என்று கேட்டார் ஃபெர்மின்.

“உங்க இஷ்டம் எப்படியோ அப்படி,” என்றாள் அவள்.

இது என்ன பதில் என்று அவருக்குப் புரியவில்லை. பலகையில் பார்சிலோனா விமானம் தாமதம் என்று எழுத்து ஓடியது. விருட்டென்று எழுந்தார். அவளும் எழுந்தாள். கதவைத் திறந்துவிட்டார்.

அதோச்சாவுக்குத் திரும்பியபோது மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. அங்கேயும் “கடைசி யாரு?” என்றதும் கையைத் தூக்கியவள் அவள்தான். ‘இந்தம்மா டிக்கெட் வாங்க எழுந்திருக்கவே மாட்டா போலிருக்கே. அவளைத் தாண்டி நாம எப்படிப் போறது? நாம என்ன சுற்றுலாவா வந்திருக்கோம்?’ அவருக்குக் கண் கலங்கியது. போன் அடித்தது.

“ஃபெர்மின், எங்க இருக்க?”

“அதோச்சாவுல.”

“இன்னுமா? மைத்தே அழுதுக்கிட்டிருக்கா. அப்பா கையைப் புடிக்காம உள்ள போகமாட்டேங்கறா.”

“எனக்கு முன்னாடி ஒருத்தங்க இருக்காங்க ஒப்துலியா. அவங்க எழுந்திருச்சா அடுத்த நிமிஷம் நான்தான்.”

“இங்க எல்லாமே கோணலா போகுது. அம்மா இல்லாத பையன்னு மாப்பிள்ளையை வளர்த்த அத்தை, அவங்கதான் அவனைக் கூட்டிக்கிட்டு உள்ள வரணும். அவங்களையும் காணோம். அவங்களும் மட்ரிட்தான். அடுத்த ரயிலையாவது புடி.”

போனை வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார் ஃபெர்மின். வரிசையில் தனக்கு முன்னால் இருப்பவரை அவசரப்படுத்தினார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. என் பொண்ணுக்கு இன்னிக்கு பார்சிலோனாவுல கல்யாணம். நீங்க எப்பத்தான் டிக்கெட் வாங்குவீங்க?”

சிவப்புக் கோட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நானா? ‘நீங்கதான் கடைசியா’ன்னு நான் கையைத் தூக்கிக் கேட்டப்போ தலையாட்டினது நீங்கதானே? முதல்ல போய் வாங்குங்க, ஐயா. நான் தூக்கி வளர்த்த புள்ளை மாப்பிள்ளைக் கோலத்துல அங்க நிக்கிறான், நான் காலையிலேர்ந்து உங்க பின்னாடி சுத்திக்கிட்டிருக்கேன்.”

உங்கள் ஊர் வரிசையில் நீங்கள் யார் பின்னால் மாட்டிக்கொண்டீர்கள்? ஒளிக்காமல் எழுதி அனுப்புங்கள்.