இருநூறு கிலோ தாங்கும் தொட்டில்

மரக்காணத்தில் கடல் இருக்கிறது, ஆகாயம் இருக்கிறது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பளம் இருக்கிறது. பத்தடி இடைவெளியில் நிற்கிற இரண்டு மரம் மட்டும் இல்லை. இந்த விவரம் அப்பாதுரைக்கு மாலை நாலு மணிக்குத்தான் தெரிந்தது. அதற்குள் பைக்கை நிறுத்தி, பையைப் பிரித்து, மரத்துக்கு மரம் கட்டிப் படுக்கிற நீல நிற ஹேமக் துணியை உதறி, மனைவி வசந்தாவிடம் ஒரு பிரசங்கமும் செய்து முடித்திருந்தார்.

"பாராசூட் துணி வசந்தா. ரெண்டு பேர் படுக்கறதுக்குன்னே தச்சது. இருநூறு கிலோ தாங்கும். நீயும் நானும் சேர்ந்து நூத்தி நாப்பதுதான்."

"அது சரி. எங்க கட்டுவீங்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே வசந்தா மெழுகுவத்தியைத் தேடி வைப்பாள். அப்பாதுரை இடையஞ்சாவடிக்காரர், ஆரோவில்லில் எலக்ட்ரீஷியன். போன தீபாவளிக்கு இதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் தெரு முழுக்க ஃபியூஸ் போக வைத்தார். கேட்டதற்குத் தெருவின் வயரிங் சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

வசந்தா அங்கேயே ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரூம்களைப் பார்த்துக்கொள்கிறாள். பதினெட்டு வருஷமாக, வந்து தங்குகிறவர்களுக்கெல்லாம் தோட்டத்தில் ஹேமக் மாட்டுவாள், தூசி தட்டுவாள், மழை வந்தால் ஓடிப்போய் எடுத்து மடிப்பாள். ஒரு நாள்கூட அதில் படுத்ததில்லை. போன மாதம் ஊருக்குத் திரும்பிய ஒரு அம்மா, தன்னுடையதை இவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வசந்தா சொன்னாள்: "ஒரே ஒரு ராத்திரி, எந்த வேலையும் இல்லாம இதுல படுத்து ஆகாசத்தப் பாக்கணும். நீங்களும் பக்கத்துல இருக்கணும்."

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில், கிரைண்டரைத் தவிர அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அப்பாதுரைக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்யாண நாளன்றே கூட்டிப்போகிறேன் என்றார். ஊரிலேயே கட்டினால் மாமன் மச்சான் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். சொந்தக்காரன் ஒருத்தனும் இல்லாத ஊராகத் தேடிப் பிடித்ததில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

முதலில் ஒரு சவுக்குத் தோப்பு அகப்பட்டது. நட்டு இரண்டு வருஷம்கூட இருக்காது. அப்பாதுரை இரண்டு மரத்திலும் கயிற்றைச் சுற்றி இறுக்கிவிட்டு, மகாராணியை அழைப்பதுபோல் கையைக் காட்டினார். வசந்தா உட்கார்ந்தாள். இரண்டு சவுக்கும் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக் குனிந்தன. வசந்தா தரையில் இருந்தாள்.

"இருநூறு கிலோ தாங்கும்னு சொன்னீங்க."

"துணி தாங்கும்னு சொன்னேன். மரத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

அடுத்தது உப்பள ஓரத்தில் ஒற்றைப் பனைமரம். பக்கத்தில் ஒரு உப்பு லாரி நின்றது. டிரைவரைக் காணவில்லை. அப்பாதுரை ஒரு முனையைப் பனையில் கட்டினார், மறு முனையை லாரியின் பின்கொக்கியில் கட்டினார்.

"ஏங்க, லாரி போயிட்டா?"

"பத்து டன் உப்பு ஏத்தி நிக்குது. அது எங்க போவப் போவுது?"

அது போயிற்று. டிரைவர் உள்ளேயே படுத்துத் தூங்கி எழுந்திருக்கிறார். பனையில் போட்ட முடிச்சு அவிழ்ந்து, ஹேமக் வரப்பு வழியே லாரிக்குப் பின்னால் பறந்தது. ஒற்றைச் செருப்போடு அப்பாதுரை அதற்குப் பின்னால் ஓடினார். சவுக்குத் தோப்பில் அடிபட்ட இடுப்பைப் பிடித்துக்கொண்டு வசந்தா நடந்து வந்தாள்.

வண்டியை நிறுத்தி இறங்கிய டிரைவர் திட்டத்தான் வாயைத் திறந்தார். துணியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மூச்சிரைக்க நின்ற இந்த இரண்டு பேரையும் பார்த்தார். முகம் இளகிவிட்டது.

"ஏன் சார், இதப் போயி லாரில கட்டுவாங்களா? அதோ, வரப்புக் கோடியில ரெண்டு வேப்பமரம் தெரியுது பாருங்க. எல்லாரும் அங்கதான் கட்டுறாங்க. மெட்ராஸ்லேர்ந்துகூட வர்றாங்க. போயிட்டு வாங்க, நல்லது நடக்கும்."

லாரி போன பிறகு அப்பாதுரை நிமிர்ந்து நின்றார். "பாத்தியா, மெட்ராஸ்லேர்ந்து வர்றாங்களாம். நான் இடம் பாத்தா சும்மாவா?"

வேப்பமரங்கள் இரண்டும் அளந்து வைத்ததுபோல் நின்றன. இந்தத் தடவை முடிச்சும் சரியாக விழுந்தது. துணி தொய்யாமல், முறுகாமல், காற்றில் லேசாக ஆடியது. கட்டிய கையை அப்பாதுரையே ஒரு தடவை தடவிக் கொடுத்துக்கொண்டார்.

அப்போது எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு பெண் வந்தாள். அஞ்சம்மாள் என்று பெயர், உப்பளத்தில் வேலை செய்கிறவள். ஹேமக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, நீங்க கட்டினதா?"

"நானேதாம்மா. ஒருத்தர் ஒத்தாசை இல்லாம."

"கல்யாணமாயி எத்தினி வருசம் ஆவுது?"

"இன்னையோட இருபத்தஞ்சு."

அஞ்சம்மாளுக்குக் கண் கலங்கியது. "இத்தினி வருசமா நம்பிக்கைய விடாம இருந்திருக்கீங்களே. அதான் தொட்டிலையும் இம்மாம் பெருசா கட்டிட்டீங்க."

வசந்தா மரத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். அந்தப் பக்கம் மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல், குங்குமம், கற்பூரம் எரிந்த கரி. திரும்பி வந்து கணவரின் காதில் சொன்னாள். "இது பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுற மரங்க. மொதல்ல அவுருங்க."

அவிழ்க்க ஏது நேரம்? அஞ்சம்மாள் போட்ட சத்தத்தில் பத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். போன வாரம்தான் இற்று விழுந்த பழைய தொட்டில்களையெல்லாம் பொறுக்கிக் கடலில் விட்டார்களாம். இது இந்த வருஷத்தின் முதல் தொட்டில். அதற்குத் தனி மரியாதை உண்டாம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சாமி மரத்தில் தூங்குவதற்குத் துணி கட்டினேன் என்று பத்துப் பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அப்பாதுரை தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வசந்தாவிடம் முணுமுணுத்துவிட்டு, சத்தமாகச் சொன்னார்: "இது எங்களுக்கில்லம்மா. எங்க பொண்ணுக்கு."

"பொண்ணுக்குக் கல்யாணமாயி எத்தினி வருசம்?"

மகள் பூஜா கடலூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவாள்.

"மூணு," என்றார் அப்பாதுரை.

"அப்ப பொண்ணுக்குப் பதிலா பெத்தவங்க ஈரத்துணியோட சுத்தணும்ணே. அதான் முறை."

இரண்டு குடம் மஞ்சள் தண்ணீர் வந்தது. தலையில் ஊற்றினார்கள். ஒன்பது சுற்று. அதற்குள் ஹேமக் நிறைய வேப்பிலையும் சாமந்திப் பூவும் போட்டு, நடுவில் ஒரு மரப்பாச்சிக் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டார்கள். வசந்தா படுக்க வேண்டிய இடத்தில் அது சொகுசாகப் படுத்திருந்தது.

பூசாரி குப்புசாமி வந்தார். அறுபத்தைந்து வயசு இருக்கும், சிரிப்பு என்பதே தெரியாத முகம். கற்பூரம் காட்டினார். ஹேமக்கை மேலும் கீழும் பார்த்தார். இவர்களையும் அதே மாதிரி பார்த்தார்.

"கட்டின தொட்டில அவுக்கக் கூடாது. அதுவா இத்துப்போயி விழணும்," என்று பெண்களில் ஒருத்தி எடுத்துச் சொன்னாள்.

அப்பாதுரை பாராசூட் துணியைப் பார்த்தார். அது இற்றுப்போவதற்குள் பூஜாவுக்கே பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

பொழுது சாயக் கூட்டம் கலைந்தது. பூசாரி மட்டும் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வசந்தா வரப்பில் உட்கார்ந்து புடவையைப் பிழிந்தாள். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அப்பாதுரைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"விடுங்க, கிளம்பலாம். நாளைக்கு ஆறு ரூம் காலியாவுது, பெட்ஷீட் மாத்தணும். நமக்கு இதெல்லாம் குடுத்து வைக்கல."

அந்தக் கடைசி வார்த்தையை அப்பாதுரையால் தாங்க முடியவில்லை. நேராகப் பூசாரியிடம் போய் நின்றார்.

"ஐயா, நான் பொய் சொல்லிட்டேன். எம் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆவல. நாங்க படுக்கத்தான் இதக் கட்டினேன். தப்பு என்னுது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பதினெட்டு வருசமா ஊர்ல இருக்கறவங்க படுக்க மாட்டிக் குடுத்தது இவ கை. எம் பொண்ணப் படிக்க வச்சதும் இவ கை. அந்தக் கை இன்னைக்கு ஒரு ராத்திரி சும்மா இருக்கணும். தெய்வக் குத்தம்னா எந்தலையில வையுங்க. அவள ஒண்ணும் பண்ண வேணாம்."

வசந்தா எழுந்து வந்துவிட்டாள். தப்பு என்னுது என்று இந்த மனிதர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு மஞ்சள் தண்ணீர் காய்ந்த முகமெல்லாம் பெருமையாக இருந்தது.

"அவர் தலையில மட்டும் ஏங்க வைக்கணும்? பாதி எனக்கு," என்றாள் பூசாரியிடம்.

குப்புசாமி எழுந்தார். வரப்பின் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். மரப்பாச்சியை எடுத்துக் கல்லோரம் வைத்தார். வேப்பிலையை உதறினார். கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்க. ஏறிப் படுங்க."

"ஐயோ, சாமி கோவிச்சுக்காதா?" என்றாள் வசந்தா.

குப்புசாமி குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருசத்துக்கு முன்னாடி நான் இங்க உப்பு வார வந்தவம்மா, மத்தியானம் ஒரு தூக்கம் போடலாம்னு எம் பொண்டாட்டியோட பழைய புடவைய இந்த மரத்துல கட்டிப் படுத்தேன், முழிச்சுப் பாத்தா ஏழெட்டுப் பேர் வேப்பிலையோட நின்னு கும்பிட்டுட்டு இருந்தாங்க, இன்னா பண்றது, அப்படியே பூசாரி ஆயிட்டேன்."