நேத்து காரம் பத்தல

கண்ணாடிக் கோபுரத்துக்குள் பன்னிரண்டு சதவீதம் கரியமில வாயு கலந்த காற்று போனது. வெளியே மூன்று சதவீதம் வந்தது. பதினொரு மணிக்குள் அந்த மூன்று இரண்டாக வேண்டும். கடல் பாலத்துக்கு அக்கரையிலிருக்கும் ஜுரு தொழிற்சாலை ஆட்கள் வந்து பார்த்துத் தலையாட்டினால்தான் ஜெயராஜின் தற்காலிக வேலை நிரந்தரமாகும்.

கோபுரம் என்றால் ஆளுயரக் குழாய்தான். மேலிருந்து அமினோ அமில உப்புக் கரைசல் சொட்டும்; கீழிருந்து வாயு ஏறும்; கரைசல் அதை விழுங்கும். ஜெலுத்தோங் கடைவீட்டு மாடியில் மூன்று மாதமாக இதே பாடு.

விருந்தினரை அழைத்துவரப் போயிருந்த முதலாளி மோகனராஜிடமிருந்து குரல்செய்தி வந்தது.

"நேத்து காரம் பத்தல. இன்னிக்குத் தாராளமா போடு."

"பாஸ் பாஸ்தான் லா," என்றான் ஜெயராஜ். அமிலத்தை உப்பாக்குவதே காரம்தானே! பொட்டாசியம் காரத்தை அள்ளிப் போட்டான். உப்பு படிந்து, கரைசல் சொட்டும் மேல் துளைகள் அடைத்துக்கொண்டன.

"அஞ்சாயிடுச்சு அண்ணே," என்றாள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் ஹனா.

அடுத்த செய்தி: "புளிப்பு தூக்கலா இருந்தா தண்ணி விடு."

"அமிலத்தத்தான் புளிப்புங்கிறாரு."

ஒரு வாளி தண்ணீர் உள்ளே போனது. துளைகள் திறந்தன. நீர்த்துப்போன கரைசல் வாயுவைச் சீந்தவே இல்லை. எட்டு.

"போன் அடிச்சுக் கேளுங்களேன்."

"பாலத்துல ஓட்டிக்கிட்டிருப்பாரு. எடுக்கமாட்டாரு."

மூன்றாவது செய்தி: "நல்லா சூடு பண்ணு. நுரை கட்டுனதும் மூடி வச்சிடு."

ஹனா நிமிர்ந்தாள். "நுரை வந்தா தோல உரிச்சிருவேன்னு சொன்னவரே இவருதானே?"

"பெரிய ஆளு தங்கச்சி. காரணம் இல்லாம சொல்லுவாரா?"

சூடேறியது. நுரை கட்டியது. ஜெயராஜ் பயபக்தியோடு மேல்மூடியைத் திருகினான். வழி அடைபட்ட நுரை பக்கக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கியது. அதே படிக்கட்டில்தான் மோகனராஜ் ஜுரு ஆட்களோடு ஏறிக்கொண்டிருந்தார்.

முழங்கால்வரை நுரையோடு வந்து மீட்டரைப் பார்த்தார். பதினொரு சதவீதம்.

"யார்ரா இப்படிச் செய்யச் சொன்னது? இன்னையோட வீட்டுக்குப் போயிடு."

"நீங்கதான் பாஸ்..."

ஜெயராஜ் போனை நீட்டுமுன், விருந்தினருக்காகக் கீழ்க்கடையில் சமைத்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளியக்கா மூச்சிரைக்க மேலே வந்தார். ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன்.

"நல்லவேளை வந்துட்டீங்க சார். ரசம் வைக்கிறவகிட்ட எதுக்கு சார் காலையிலேருந்து 'வாயுவ மெதுவா விடு, மெதுவா விடு'ன்னு சொல்றீங்க?"