லண்டன் ரசிகர் மன்றம்

"எத்தினை பேர் வருவினம் அப்பா?" என்று சுவர்ணா அமெரிக்காவிலிருந்து கேட்டபோது, ஞானேஸ்வரன் கொஞ்சமும் யோசிக்காமல், "ஒரு முப்பது பேர் வருவினம்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் ஆட்கள் இருப்பதற்கு வீட்டிலிருந்த கதிரைகளை எண்ணிப் பார்த்தார். இரண்டு. அதில் ஒன்றின் மேல் கொம்பியூட்டர் இருந்தது.

"முப்பது பேரோ! ஞாயிற்றுக்கிழமை பைனல் அப்பா. இடைவேளையிலை எங்கட கொலிஜ் ரேடியோ உங்கட வீட்டுக்குப் போன் எடுக்கும். லண்டன் ரசிகர் மன்றம் எல்லாரும் சேந்து ஒரு சத்தம் போடவேணும். சரியே?"

"சத்தம்தானே. அதுக்கென்ன" என்றார் ஞானேஸ்வரன்.

லண்டன் ரசிகர் மன்றத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் ஞானேஸ்வரன் ஒருவர்தான். மூன்று வருடத்துக்கு முன் சந்திரவதனா காலமானபோது அவர் அவிழ்த்துவிட்ட பொய் அது. சுவர்ணா அப்போது கல்லூரியில் முதல் வருடம். ஆறடி வளர்ந்த பிள்ளை, கூடைப்பந்து விளையாடியே அமெரிக்காவில் இலவசமாக இடம் பிடித்தவள். தாயின் செத்தவீட்டுக்கு வந்தவள், "உங்களைத் தனிய விட்டிட்டு நான் போகேல்லை" என்று பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டாள்.

"ஆர் தனிய?" என்று அப்போது ஞானேஸ்வரன் வீறாப்பாகக் கேட்டார். "இஞ்சை எங்கட மிச்சம் ஊரிலை பத்து வீட்டிலை உன்ர விளையாட்டை இன்ரநெற்றிலை கேக்கினம். அவையவை தங்கட தங்கட கொம்பியூட்டரிலை போட்டுக் கேட்டிட்டு, எனக்குப் போன் எடுத்துக் கத்துகினம். போன் வைக்க விடுகினமில்லை!"

அவள் போய்விட்டாள். பொய் மட்டும் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுக் கொழுத்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், "இண்டைக்கு ஆர் ஆர் கேட்டவை?" என்று அவள் விசாரிப்பாள். றமணன் துள்ளிக் குதித்தார், சுசிலா அழுதே போனா என்று இவர் வாய்க்கு வந்தபடி அளப்பார்.

றமணன் மூலைக்கடைக்காரர். சுசிலா அவரிடம் திறப்பு, அதாவது சாவி, வெட்ட வருகிறவர். ஞானேஸ்வரன் பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடையில் திறப்பு வெட்டிக்கொண்டிருந்தார். லண்டனில் அவர் இருந்த மிச்சம் பகுதியில் பாதி வீட்டுத் திறப்பு அவர் கையால் வெட்டியதுதான். ஆனால் அதில் ஒரு வீட்டுக்குள்கூட அவர் கால் வைத்ததில்லை. பின்னேரம் கடையைப் பூட்டினால், அடுத்த நாள் காலை வரை அவருடன் கதைப்பதற்கு அந்தக் கல்லூரி ரேடியோ ஒன்றுதான் இருந்தது.

இப்போது பொய்க்கு ஆள் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. கல்லூரி அணியில் துணைப் பயிற்சியாளர் வேலை சுவர்ணாவுக்குக் காத்திருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "நீங்கள் தனிய இல்லை எண்டால்தான் நான் ஓம் எண்டுவன்" என்று சொல்லியிருந்தாள். சத்தம் கேட்காவிட்டால் வேலையை உதறிவிட்டு லண்டனுக்கு வந்து இவருக்குச் சோறு வடிப்பாள்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக றமணனின் கடைக்குப் போனார்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வீட்டை வாங்கோ றமணன். மகளின்ர கூடைப்பந்து பைனல்."

"டிவியிலை போடுறாங்களோ அண்ணை?"

"இல்லை, கொம்பியூட்டரிலை. ரேடியோ மாதிரி."

றமணன் பால் பெட்டியைக் கீழே வைத்தார். "பந்து விளையாட்டை ரேடியோவிலை கேக்கிறதோ? அண்ணை, வன்னிச் செய்தியைப் பாத்துச் சனம் இடிஞ்சுபோய்க் கிடக்கு. இந்த நேரத்திலை ஆர் வருவினம்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஞானேஸ்வரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் கடைக்கு வந்தார். பத்து மணிக்குச் சுசிலா பின்கதவுத் திறப்புடன் வந்தபோது, பந்துக் கதையையே எடுக்கவில்லை.

"தங்கச்சி, நாளைக்கு ஆறு மணிக்கு ஒருக்கா வீட்டை வந்திட்டுப் போங்கோ. சந்திரவதனா இருந்திருந்தால்..." என்று தொடங்கினார். இருந்திருந்தால் மகளின் விளையாட்டைக் கேட்டு எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாள் என்று சொல்லத்தான் நினைத்தார். வசனம் பாதியிலேயே நின்றுவிட்டது.

சுசிலா உடனே அவர் கையைப் பிடித்தார். "ஒண்டும் சொல்ல வேண்டாம் அண்ணை. கட்டாயம் வாறம். மற்ற ஆக்களுக்கும் சொல்லிவிடுறன்."

இவ்வளவு சுலபமா? ஞானேஸ்வரனுக்கு உற்சாகம் தலைக்கேறியது. வந்த எல்லாரிடமும் அதே அரை வசனத்தைச் சொன்னார், அதே இடத்தில் நிறுத்தினார். ஒருவரும் மறுக்கவில்லை. பின்னேரம் றமணனே ஓடி வந்து, "அண்ணை, காலமை நான் விளங்காமல் கதைச்சிட்டன், மன்னிக்கவேணும்" என்றார். பக்கத்து வீட்டு பியற்றிஸிடம் அறுபது மட்டன் ரோல்ஸ் சொல்லிவிட்டு, ஞானேஸ்வரன் இரண்டு பெட்டி பியரும் வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சுவரில் இரண்டு மணிக்கூடுகள். ஒன்று லண்டன், மற்றது அமெரிக்கா. ஐந்து மணித்தியால வித்தியாசம். அமெரிக்க மணிக்கூட்டைச் சந்திரவதனா மாட்டியது. அதைத் தொட அவருக்கு மனம் வந்ததில்லை. அங்கே ஒரு மணிக்கு ஆட்டம் என்றால் இங்கே ஆறு மணி. பியற்றிஸ் ஐந்தரைக்கே ரோல்ஸ் தட்டுடன் வந்துவிட்டார்.

ஐந்து நாற்பதுக்குப் போன் அடித்தது.

"ஹலோ லண்டன்! கல்லூரி வானொலியிலிருந்து ஏமி பேசுகிறேன். முதல் பாதி இப்போதுதான் முடிந்தது. சுவர்ணா பதினாலு பந்து பிடித்துவிட்டாள்! ரசிகர்கள் தயாரா? முப்பது விநாடியில் நேரடி ஒலிபரப்பு."

ஞானேஸ்வரன் அமெரிக்க மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது. அங்கே இன்னும் ஆட்டமே தொடங்கியிருக்கக் கூடாது. ஆனால் அமெரிக்காக்காரர் அன்று அதிகாலையே கோடைகாலத்துக்காக நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள்; ஆட்டம் லண்டன் நேரப்படி ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டது. லண்டன் தள்ளுவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. முந்திய வருடங்களில் சுவர்ணாவின் அணி அதற்கு முன்பே தோற்று வீட்டுக்குப் போய்விடும். அதனால் இந்த வில்லங்கம் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

"அக்கா, கத்துங்கோ!" என்றார் பியற்றிஸைப் பார்த்து.

"என்னெண்டு கத்துறது?"

"என்னவும் கத்துங்கோ! முப்பது பேர் மாதிரிக் கத்துங்கோ!"

அறையைச் சுற்றிப் பார்த்தவருக்குக் கண்ணில் பட்டது அலமாரியிலிருந்த தன் கல்யாண வீடியோக் கசெட். முன்னூறு பேர் வந்த கல்யாணம். அதை எடுத்து மெஷினுக்குள் தள்ளி, சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டினார்.

"இதோ, லண்டன் ரசிகர் மன்றம்!" என்றது போன்.

நாதஸ்வரம் பீறிட்டது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் அலறினார். பியற்றிஸ் தேவாலயப் பழக்கத்தில், "அல்லேலூயா!" என்று முழங்கினார். ஞானேஸ்வரன் ஒரு கையால் ரோல்ஸ் தட்டைத் தட்டிக்கொண்டு, தடித்த குரலில் ஒரு தடவையும் கீச்சுக் குரலில் ஒரு தடவையும் "சுவர்ணா! சுவர்ணா!" என்று கத்தினார்.

அப்போது கசெட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "ஐயோ, இப்பவும் வீடியோ எடுக்கினமோ?" என்று சிரித்தது. இருபத்துமூன்று வயதுச் சந்திரவதனா. ஞானேஸ்வரனின் குரல் அப்படியே நின்றுவிட்டது. மூன்று வருடமாக அவர் அந்தக் கசெட்டைத் தொட்டதேயில்லை.

"அற்புதம்! எவ்வளவு பெரிய கூட்டம்!" என்று சொல்லி ஏமி போனை வைத்தாள்.

தப்பினோம் என்று அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். இரண்டாம் பாதி தொடங்கியது. கூடைப்பந்தில் அவருக்கு விளங்கியது ஒன்றுதான். மற்றவர்கள் எறிந்து தவறவிட்ட பந்து திரும்பும்போது பாய்ந்து பிடிப்பது சுவர்ணாவின் வேலை. அந்தக் கல்லூரிகளின் போட்டித் தொடரில் ஒரே ஆட்டத்தில் இருபத்தைந்து பிடித்ததுதான் பத்தொன்பது வருடமாக அசையாத சாதனை.

ஆறு மணிக்குக் கதவு தட்டினார்கள். திறந்தால், வெள்ளைச் சேலையில் சுசிலா. பின்னால் வெள்ளைச் சேர்ட்டில் றமணன். அவருக்குப் பின்னால் வாசல் வரைக்கும் சனம். கையில் வாழைப்பழம், பூமாலை, ஊதுபத்தி.

"அக்காவின்ர படம் எங்கை அண்ணை?" என்று சுசிலா மெதுவாகக் கேட்டார். "திவசத்துக்கு எல்லாரும் விரதத்தோடை வந்திருக்கிறம்."

ஞானேஸ்வரன் மட்டன் ரோல்ஸைப் பார்த்தார். பியரைப் பார்த்தார். பியற்றிஸ் சட்டென்று தன் சால்வையை எடுத்து இரண்டையும் சேர்த்து மூடினார்.

வந்தவர்கள் கதிரை போதாமல் படிக்கட்டு வரை இருந்தார்கள். ஊதுபத்திப் புகைக்கு நடுவே கொம்பியூட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. இருபத்துநாலு... இருபத்தைந்து... "இருபத்தாறு! புதிய சாதனை!"

ஞானேஸ்வரன் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இரண்டு கையையும் மேலே தூக்கி, "பிடிச்சிட்டாள்! பிடிச்சிட்டாள்!" என்று அலறினார்.

"பாவம், மனுசன் தாங்கமாட்டாமல் புலம்புது" என்று றமணன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடத்தில் அவரை ஒருவர் கட்டிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஞானேஸ்வரன் மறுக்காமல் அந்தத் தோளில் சாய்ந்து இன்னும் கொஞ்சம் அழுதார்.

பிறகு உண்மையைச் சொன்னார். சுசிலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகை என்று அவர் பயந்தார், ஆனால் சிரிப்பு. "என்ர விரதம் முடிஞ்சுது அண்ணை, அந்தச் சால்வையை எடுங்கோ" என்றார் றமணன். தட்டு கை மாறிக் கை மாறிப் படிக்கட்டு வரை போனது. பிள்ளை எத்தனை பந்து பிடித்தாள், எப்படிப் பிடித்தாள் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள்.

போன் மறுபடி அடித்தது. ஏமி.

"ஐயா, இப்போது ஒலிபரப்பில் இல்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம். இடைவேளைச் சத்தத்தைச் சுவர்ணாவுக்குப் போட்டுக் காட்டினேன். அது அம்மாவின் கல்யாணக் கசெட் என்றாள்."

எல்லாம் போய்விட்டது. ஆனால் ஏமி நிறுத்தவில்லை.

"எங்கள் வானொலிக் கணக்கின்படி லண்டனில் எங்களைக் கேட்பது ஒரே ஒரு கொம்பியூட்டர்தான் என்று மூன்று வருடமாகவே அவளுக்குத் தெரியும் ஐயா, போன் எடுக்கச் சொன்னதே அவள்தான், அந்தச் சாக்கிலாவது நீங்கள் நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிடுவீர்கள் என்று. கோப்பை வாங்கப் போகாமல் என் பக்கத்தில் நின்று கேட்கிறாள்: உண்மையாக எத்தனை பேர் வந்தார்கள்?"