மீட்டர் அங்கிளின் கடைசி மடக்கு

பழைய வெள்ளிப் பாத்திரம் வாங்கப் போய், வாங்காமலே திரும்பி வருவதில் எங்கள் மீட்டர் அங்கிளை மிஞ்ச மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் என்ன, உலகத்திலேயே ஆள் கிடையாது. டம்ளர், குவளை, செம்பு என்று பன்னிரண்டு வருடம் அலைந்து அவர் சேர்த்தவை மொத்தம் மூன்று. அதில் ஒன்று ஓட்டை.

அப்பேர்ப்பட்ட மனிதரை மகள் சிங்கப்பூருக்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறாள் என்று போன மாதம் தெரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குளுவாங்கில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. ஊர் ஊராகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டு அலமாரியில் எந்த வெள்ளி டம்ளர் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். "மீட்டர பாக்கறப்ப கண்ணு தானா ஜன்னல் பக்கம் போயிடும்லா" என்பார். யாராவது அதை விற்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், என் காருக்காக வாசலில் வந்து நிற்பார்.

"தம்பி, காடிய எடு. உருக்கிடப் போறானுங்க!"

போனோமா, வாங்கினோமா என்று வர வேண்டியதுதானே? மாட்டார். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. விற்கிறவர் அந்தப் பாத்திரத்தில் கடைசியாக ஒரு மடக்கு குடித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

"இத்தன வருசம் அவங்க தாகத்த தீத்துச்சு. சும்மா அனுப்பிட முடியுமா?"

காஹாங்கில் ஒரு லாரி டிரைவர், கதவு அளவுக்கு ஆள். குழந்தையில் தனக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை விற்க நின்றார். விலையெல்லாம் பேசி முடிந்தது. அங்கிள் அதில் மைலோவை ஊற்றி நீட்டினார். வாயில் வைத்ததுதான் தாமதம், அந்த மனிதர் "அம்மா!" என்று போட்ட சத்தத்தில் செம்பனைத் தோட்டமே ஆடியது. பாலாடையைச் சட்டைப் பைக்குள் போட்டு, பட்டனையும் மாட்டிக்கொண்டார். பொந்தியானில் ஒரு கணவன் மனைவி, கல்யாணச் சீராக வந்த டம்ளர்களில் ஆளுக்கொரு மடக்கு குடித்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள் பாருங்கள், நாங்கள் அங்கே நிற்பதே மறந்துபோய்விட்டது. நாங்களாகவே கேட்டைச் சாத்திவிட்டு வந்தோம்.

"இப்படிப் போனா எப்ப அங்கிள் நீங்க சேக்கறது?" என்று எரிந்து விழுவேன்.

"அவங்க வீட்லயே இருக்குல்ல? அப்பாடா!" என்று சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிடுவார்.

மெர்சிங் கதை மட்டும் வேறு. அங்கே ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், யாழ்ப்பாணத்து வம்சம். அவரிடம் ஒரு வெள்ளி மூக்குப் பேணி இருந்தது. உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்காக மூக்கு வைத்த குவளை அது. மீட்டர் பார்த்த காலத்தில் ஒரு நாள் கண்ணில் பட்டதிலிருந்து அங்கிளுக்கு அதன்மேல் உயிர்.

"இன்னைக்கு ஒரு நாள் அந்த ரூல்ஸ விட்டுடுங்க அங்கிள்" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். சரி என்றார். பேணியைக் கையில் வாங்கி வாசல்வரை வந்துவிட்டார். செருப்பில் ஒரு காலை நுழைத்தவர் திரும்பினார்.

"டீச்சர், ஒரே ஒரு மடக்கு..."

அலமாக்! போச்சு என்று நான் தலையில் கை வைத்தேன்.

டீச்சர் அண்ணாந்து ஊற்றினார். தண்ணீர் மூக்கில் ஏறி, புரையேறி, புடவையெல்லாம் நனைந்துவிட்டது.

"சின்னனில இருந்தே எனக்கு இதில குடிக்கத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அப்பாட்ட ஏச்சு வாங்கினனான்! கொண்டு போங்கோ. திரும்பி இந்தப் பக்கம் கொண்டு வராதேங்கோ!"

அன்றிலிருந்து எட்டு வருடமாக, தினமும் சாயங்காலம் அங்கிள் பேணியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் மனைவி போடும் தேத்தண்ணியை அதில் ஊற்றி, அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடிப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை பேணியைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தார்.

"மக வீடு சின்னது. பழைய சாமான் ஒண்ணும் தூக்கிட்டு வராதீங்கப்பான்னுட்டா. நீயே வாங்கிக்க தம்பி."

நான் கையை நீட்டவில்லை.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் அங்கிள். ஒரு மடக்கு குடிச்சிட்டுக் குடுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, மெர்சிங் டீச்சர் ஞாபகம் வந்துவிட்டது. இவரும் குடித்துவிட்டு நீட்டிவிட்டால்?

மனைவி தேத்தண்ணி ஊற்றினாள். அங்கிள் அண்ணாந்தார். எட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சட்டையெல்லாம் சிந்தியது. பேணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு பேணியை மறுபடி பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஜேபி எல்லையில பாலத்த தாண்டுனா சிங்கப்பூரு, மக வீடு. மாசம் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்தா போதும்லா. அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

கேட்டைத் திறந்தவர் என் மனைவியிடம் திரும்பினார். "நாளைக்குச் சீனிய கொஞ்சம் கொறைச்சுப் போடும்மா."

அப்பாடா! இனி அவர் எந்த ஊருக்குக் காடியை எடுக்கச் சொன்னாலும் முணுமுணுக்காமல் எடுப்பேன், ஒரு வாரத்துக்காவது.